கண்மாயும் மடிக்கணினியும்



மேலூர்ப் பக்கத்து உழவர் ஒருவர் விடியற்காலையில் தம் வயலுக்குப் போகிறார். நேற்று மாலை வரையில் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலில் இன்று ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உடனே அவர், “கண்மாய் வற்றிவிட்டது, இந்தப் போகம் போயிற்று” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவாரா? மாட்டார். மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வாய்க்காலின் கரையோடு மேல்நோக்கி நடப்பார். முதலில் தம் வயலின் மடைவாயைப் பார்ப்பார். அடுத்து, நண்டு வளை தோண்டிக் கரையில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு, வாய்க்காலில் செத்தையும் சருகும் அடைத்திருக்கின்றனவா என்று பார்ப்பார். அதன்பின் மதகு திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் கரைமேல் ஏறி நின்று கண்மாயைப் பார்ப்பார். பெரும்பாலும் அங்கே தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும்.

நம் பகுதி மக்களுக்கு இந்த அறிவு இயல்பாகவே வாய்த்தது. 1895-ஆம் ஆண்டு முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி, வைகையில் கலந்து, பேரணையில் கால்வாயாகப் பிரிந்து, மேலூர் வரையில் வருகிறது. இவ்வளவு நீண்ட வழியில் வரும் தண்ணீர் ஒரு நாள் வரவில்லையென்றால், தடை எந்த இடத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம். ‘வரவில்லை’ என்பது வேறு. ‘இல்லை’ என்பது வேறு. இந்த வேறுபாட்டை உழவர் நன்றாக அறிவார்.

ஆனால் மடிக்கணினி விஷயத்தில் மட்டும் படித்த நாம் இதை மறந்துவிடுகிறோம். ஒரு நாள் காலையில் கணினியின் பொத்தானை அழுத்துகிறோம். வழக்கமான படம் வரவில்லை. கறுத்த திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் தோன்றுகிறது. ‘தொடங்குவதற்கு உரிய சாதனம் எதுவும் காணப்படவில்லை’ என்பது அதன் பொருள். அவ்வளவுதான், மூன்றாண்டுக் குறிப்புகளும், பாடங்களும், படங்களும் அழிந்தே போயின என்று நாம் கலங்கிவிடுகிறோம். கலக்கத்தில் எவர் எதைச் சொன்னாலும் செய்கிறோம். உண்மையில் அழிவு நேர்வது பல சமயங்களில் அதற்குப் பிறகுதான்.

அந்த வேளையில் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பனவற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதுமுதல், அதற்குமுன் கணினியையே கண்டிராத எத்தனையோ சிற்றூர் வீடுகளிலும் அது புகுந்தது. பொருள் வந்து சேர்ந்த வேகத்தில் அதைப் பேணும் அறிவு வந்து சேரவில்லை. ஆதலால் இந்தப் பேச்சு வேண்டியதாகிறது.

முதலில் கண்மாயைப் பற்றிச் சொல்கிறேன். கணினியில் நாம் எழுதி வைப்பனவெல்லாம் தங்கும் இடம் வன்தட்டு. கடைத்தெருவில் ஹார்ட் டிஸ்க் என்பார்கள். 1956-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் முதன்முதலாக இத்தகைய சாதனத்தை வெளியிட்டது. அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. அதன் எடை ஒரு டன்னுக்கு மேல். அத்தனை பெரிய உருவத்தில் அடங்கியவை சுமார் 50 இலட்சம் எழுத்துக்கள். இன்று உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அந்த இடம் போதாமற் போகலாம். இப்போது மடிக்கணினியில் இருக்கும் வன்தட்டோ உள்ளங்கையில் அடங்கும்.

அதன் உள்ளே கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன வழவழப்பான தட்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். அதன்மேல் மிக மெல்லிய காந்தப் பூச்சு உண்டு. பூச்சின் நுண்ணிய புள்ளி ஒவ்வொன்றையும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ காந்தமாக்குவதே எழுதுதல். அது எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று அறிவதே படித்தல். மடிக்கணினி வன்தட்டுகளில் பல, நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கின்றன. அதாவது நொடிக்கு 90 சுற்று! அவ்வாறு சுழலும் தட்டின்மேல் படிக்கும் முனை தொடாமல் மிதந்து செல்கிறது. தட்டுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி நம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பதினாயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு தூசி உள்ளே போனால் அது அங்கே பாறாங்கல். ஓடிக்கொண்டிருக்கும் கணினியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளமும் மேடுமான சாலையில் பேருந்தில் போவது ஏன் தவறு என்பது இப்போது விளங்கும். கணினியை முறையாக அணைத்தால் முனை தட்டைவிட்டு விலகித் தனக்கென்று அமைந்த சாய்தளத்தில் ஏறி ஓய்வு கொள்கிறது. அப்போது அது தாங்கும் அதிர்ச்சி மிக அதிகம்.

அண்மைக் காலத்து மடிக்கணினிகளில் சுழலும் தட்டே இல்லாமல் போய்விட்டது. எஸ்எஸ்டி என்று சொல்லும் சில்லுகளாலான சேமிப்புச் சாதனம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதில் ஓடும் உறுப்பு எதுவும் இல்லை, ஓசையும் இல்லை. அதிர்ச்சியை அது நன்கு தாங்கும். ஆனால் அதற்கும் முடிவு உண்டு. பழைய வன்தட்டு முனகியும் திணறியும் சாகும். எஸ்எஸ்டியோ பல சமயம் ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றுவிடும்.

இனி வாய்க்காலைப் பார்ப்போம். பொத்தானை அழுத்தியவுடன் முதலில் விழித்துக்கொள்வது வன்தட்டு அன்று. கணினியின் தாய்ப்பலகையில் ஒரு சில்லினுள் நிலையாக எழுதி வைத்த சிறு நிரல் ஒன்று உண்டு. அதற்குப் பயாஸ் என்று பெயர். இன்றைய கணினிகளில் அதன் வாரிசான யூஇஎஃப்ஐ இருக்கிறதெனினும், வழக்கில் பயாஸ் என்றே சொல்கிறோம். அது வீட்டுக்காரர் விடியலில் எழுந்து தொழுவத்தையும் தோட்டத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பதுபோல, நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். பிறகு வன்தட்டைப் பெயர் சொல்லி அழைக்கும். வன்தட்டு தன் பெயரையும் கொள்ளளவையும் சொல்லி விடை தரும். அதன்பின்தான் இயங்குதளத்தைத் தொடங்கும் பகுதி அதிலிருந்து படிக்கப்படும். ஆகவே வன்தட்டு, அதன் இணைப்பு, தாய்ப்பலகை, பயாஸின் அமைப்பு, இயங்குதளம் என்று இவ்வழியில் ஐந்து இடங்கள் இருக்கின்றன. ஐந்தில் எங்கே தடைப்பட்டாலும் நம் கண்ணுக்குத் தெரிவது அதே கறுத்த திரைதான்.

இப்போது கரையோடு நடக்கலாம். முதற்படியில் திருப்புளி வேண்டியதில்லை. கணினியில் பென் டிரைவோ மெமரி கார்டோ செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். மறதியாக விட்ட பென் டிரைவில் இயங்குதளத்தைத் தேடிக் களைத்துப் போய், ‘காணவில்லை’ என்று சொல்லும் கணினிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்து, மின்கம்பியை எடுத்துவிட்டு, கழற்றக்கூடிய மின்கலமானால் அதையும் கழற்றிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே எஞ்சி நிற்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு மீண்டும் தொடங்கிப் பாருங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் பயாஸுக்குள் போக வேண்டும். கணினியைத் தொடங்கியவுடன் எஃப் 2, எஃப் 10, எஸ்கேப், டெலீட் ஆகிய விசைகளில் ஒன்றை அழுத்தினால் அது திறக்கும். எந்த விசை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அங்கே சேமிப்புச் சாதனங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அந்தப் பட்டியலில் உங்கள் வன்தட்டின் பெயர் இருக்கிறதா என்பதே கேள்வி. நண்பர்களே, இந்த ஒரு கேள்விக்கு விடை காணாமல் எவரிடமும் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். ஏனெனில் வழி இங்கேதான் மூன்றாகப் பிரிகிறது.

பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிந்தால், கண்மாயில் நீர் இருக்கிறது, மதகும் திறந்திருக்கிறது, கோளாறு வயலுக்கு அருகில்தான் என்று கொள்ளலாம். தொடங்கும் வரிசையில் வன்தட்டு பின்னுக்குப் போயிருக்கலாம். இயங்குதளத்தின் தொடக்கப் பகுதி சிதைந்திருக்கலாம். கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால் அது நல்ல துப்பு. தாய்ப்பலகையில் ஒரு சிறு மின்கலம் இருக்கிறது. அது தீர்ந்துபோனால் கணினி நாளையும் மறக்கும். பயாஸில் நாம் செய்துவைத்த அமைப்பையும் மறக்கலாம். சிறு விலைக்குக் கிடைக்கும் அந்தப் பொத்தான் மின்கலத்தை மாற்றி, அமைப்பைப் பழையபடி வைத்தால் கணினி எழுந்துவிடும். பழைய அமைப்பு என்னவென்று அறியாமல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது மட்டும் கூடாது. வன்தட்டை அணுகும் முறையைக் குறிக்கும் ஓர் அமைப்பு மாறினாலே, நல்ல நிலையிலுள்ள வன்தட்டும் இயங்குதளத்தின் கண்ணுக்குத் தெரியாமற் போகும். எதை மாற்றுவதற்கு முன்பும் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயரே இல்லையென்றால், தடை இணைப்பிலோ, தாய்ப்பலகையிலோ, வன்தட்டிலோ இருக்கிறது. பெயர் ஒரு சமயம் தோன்றி ஒரு சமயம் மறைந்தாலும், கொள்ளளவு சுழியம் என்று காட்டினாலும், வன்தட்டு நலிந்து வருகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இந்த மூன்றாவது நிலையில் ஒவ்வொரு நிமிடமும் விலை மதிப்புள்ளது. வீணாக நூறு முறை தொடங்கிப் பார்க்கக் கூடாது.

இங்கே காதையும் பயன்படுத்த வேண்டும். சுழலும் வன்தட்டானால் கணினியை மேசையில் வைத்துக் காதை அருகில் கொண்டுபோங்கள். மெல்லிய, சீரான ரீங்காரம் கேட்டால் தட்டு சுழல்கிறது. ஓசையே இல்லையென்றால் அதற்கு மின்சாரம் போகவில்லை, அல்லது சுழற்றும் மோட்டார் நின்றுவிட்டது. ‘டிக், டிக்’ என்று ஒரே கதியில் தட்டும் ஓசை கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். படிக்கும் முனை தன் இடத்தைத் தேடித் தேடித் தோற்கும் ஓசை அது. முனை சேதமடைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தட்டின் பூச்சு உரிந்துகொண்டிருக்கலாம். பூச்சு உரிந்த இடத்தில் இருந்த எழுத்தை எந்த விஞ்ஞானியாலும் மீட்க இயலாது.

அத்தகைய ஓசை இல்லாதபோது இணைப்பைச் சோதிக்கலாம். கணினியை முழுவதும் அணைத்து, மின்கம்பியை எடுத்து, பின்மூடியைக் கழற்றி, மின்கலத்தின் இணைப்பை விடுவிக்க வேண்டும். பழகியவர் ஒருவர் துணையிருப்பது நல்லது. சாட்டா என்னும் வகை வன்தட்டில் செய்தி போவதற்கு 7 முனைகளும் மின்சாரம் போவதற்கு 15 முனைகளும் இருக்கின்றன. சில மடிக்கணினிகளில் வன்தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் நடுவே நாடா போன்ற மெல்லிய கம்பித்தொகுதி உண்டு. அதிர்ச்சியாலும் நம் ஊர்ப் புழுதியாலும் சித்திரை மாத வெயிலாலும் அது தளர்ந்து போகும். வன்தட்டை மெதுவாகக் கழற்றி மறுபடியும் சரியாகப் பொருத்தினாலே சில சமயம் வேலை முடிந்துவிடும்.

முடியாவிட்டால், கோளாறு கணினியிலா வன்தட்டிலா என்று பிரித்தறிய ஒரு சோதனை செய்யலாம். கழற்றிய வன்தட்டை யூஎஸ்பி உறை ஒன்றில் இட்டு வேறொரு கணினியில் இணைக்க வேண்டும். அங்கே தெரிந்தால், வன்தட்டு உயிரோடிருக்கிறது. குற்றம் நாடாவிலோ தாய்ப்பலகையிலோதான். அங்கும் தெரியாவிட்டால், நல்ல நிலையிலுள்ள வேறொரு வன்தட்டை நம் கணினியில் பொருத்திப் பார்க்க வேண்டும். அது தெரிந்தால் குற்றம் நம் வன்தட்டில் என்பது உறுதி. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், கணினி எழுந்தாலும் எதனால் எழுந்தது என்று தெரியாது. உங்கள் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் சொல்லித் தரும் விதிதான் இது.

இதுவரை சொன்னது இயந்திரத்தைப் பற்றியது. இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. நமக்கு வேண்டியது கணினியா, அதனுள் இருக்கும் எழுத்தா? இரண்டும் வேண்டும் என்பீர்கள். சரி, ஆனால் முதலில் எது? இதைத் தீர்மானிக்காமல் பழுது பார்க்கத் தொடங்குவதனால்தான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன.

மதுரையில் பல ஆண்டுகளாகக் கணினிகளைப் பழுது பார்ப்பதும், அந்தத் தொழிலை இளைஞர்களுக்குக் கற்பிப்பதுமாக என் காலம் போகிறது. ஒரு சமயம் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் என்னிடம் வந்தார். கண்மாய்களின் மடைகளைத் திறந்து மூடி ஊருக்கு நீர் பங்கிட்டுத் தரும் நீர்ப்பாய்ச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் அவர். மடை, கலுங்கு, மறுகால், குமிழித்தூம்பு முதலிய சொற்களை அவர்கள் எப்படி வழங்குகிறார்கள், எந்த மடைக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்பதை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று முதியவர்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்திருந்தார். 41 பதிவுகள். அவற்றில் ஒன்பது ஒரே பெரியவர் பேசியவை. அவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

அந்த மாணவியின் மடிக்கணினியில் வன்தட்டு தெரியவில்லை. கடை ஒன்றில், “தட்டு போய்விட்டது, புதிதாகப் போட்டு எல்லாவற்றையும் ஏற்றித் தருகிறோம், பழையதைக் கழித்துக்கொள்கிறோம்” என்று சொன்னார்களாம். விலையும் நியாயமானதுதான். கணினி வேண்டுமென்று கேட்டால் அது சரியான மறுமொழியும்கூட. “எனக்குக் கணினி வேண்டாம் ஐயா; அந்தத் தாத்தா பேசியது வேண்டும்” என்றார் அவர் என்னிடம். அந்த ஒரு சொல் வேலையின் வரிசையையே மாற்றிவிட்டது.

பயாஸில் பெயர் இல்லை. காதில் சீரான ரீங்காரம் கேட்டது. ஆகவே தட்டு சுழல்கிறது. வன்தட்டைக் கழற்றி உறையில் இட்டு வேறொரு கணினியில் இணைத்தோம். பெயர் தெரிந்தது! நாடா மடிப்பில் நைந்திருந்தது. அந்த மாணவி நாள்தோறும் பேருந்தில் வந்து போகிறவர். ஆனால் அந்த அதிர்ச்சிகள் தட்டையும் விட்டுவைக்கவில்லை. பெயர் தெரிந்த கணமே கணினி ஒரு கேள்வி கேட்டது: ‘இந்தத் தட்டைப் பயன்படுத்துமுன் வடிவமைக்க வேண்டும், செய்யலாமா?’ மாணவர்களே, இந்தக் கேள்விக்கு ஒருபோதும் ‘ஆம்’ என்று சொல்லாதீர்கள். வடிவமைத்தல் என்பது பழைய ஏட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதத் தயாராக்குவது. கணினிக்குப் படிக்கத் தெரியவில்லை. அதனால் அழித்துக்கொள்ளலாமா என்று கேட்கிறது. படிக்கத் தெரியாதவன் கேட்டதற்காக ஏட்டை எரிப்பார் உண்டா?

நாங்கள் அந்தத் தட்டில் ஓர் எழுத்தும் எழுதவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு நிரல் உண்டு; இலவசமாகக் கிடைப்பது. அது நல்ல பகுதிகளை முதலில் படித்துப் படி எடுத்துக்கொள்ளும். படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து முயலும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று குறிப்பும் எழுதி வைத்துக்கொள்ளும். ஆதலால் நடுவில் நிறுத்திவிட்டு மீண்டும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஓர் இரவும் ஒரு பகலும் ஆயின. பிறகு மூலத்தை எடுத்து வைத்துவிட்டு, படியின் மேல்தான் மீட்கும் வேலையைச் செய்தோம். 38 பதிவுகள் முழுமையாகக் கிடைத்தன. மூன்று கிடைக்கவில்லை. அந்த மூன்றில் ஒன்று அந்தப் பெரியவர் பேசியது. மற்ற இரண்டையும் மாணவி மறுபடியும் போய்ப் பதிவு செய்துகொண்டு வந்தார். இந்த ஒன்றுக்கு எங்கே போவது?

வன்தட்டு வேறெங்கும் தெரியவில்லை, அல்லது ‘டிக், டிக்’ என்று ஓசை எழுப்புகிறது என்றால், நம் கைவேலை அங்கே முடிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் எழுத்து அரியதானால், தூசி நீக்கிய காற்றறையில் வைத்துத் திறக்கும் வசதியுள்ள மீட்பு நிலையங்களுக்கு அனுப்ப வேண்டும். செலவு மிகுதி, பயனும் உறுதியன்று. வீட்டில் வன்தட்டின் மூடியைத் திறந்து பார்ப்பது, குளிர்ப்பெட்டியில் வைப்பது, மேசையில் தட்டுவது ஆகிய கைவைத்தியங்கள் எல்லாம் நோயாளியைக் கொல்லும் வைத்தியங்கள். அடிப்பக்கத்துப் பச்சைப் பலகையை வேறொரு வன்தட்டிலிருந்து எடுத்து மாட்டுவதும் இப்போது பெரும்பாலும் பலிப்பதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் உரிய தனி அளவீடுகள் அதனதன் பலகையிலேயே பதிந்திருக்கின்றன.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். புதிய கணினிகள் பலவற்றில் வன்தட்டின் எழுத்து முழுவதும் பூட்டி வைக்கப்படுகிறது. விண்டோஸில் அந்தப் பூட்டுக்குப் பிட்லாக்கர் என்று பெயர். வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் வைத்தால் அது 48 இலக்கங்கள் கொண்ட திறவெண் ஒன்றைக் கேட்கும். அது இல்லையென்றால் தட்டு நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை. ஆகவே கணினி நலமாக இருக்கும்போதே அந்த எண் எங்கே இருக்கிறது என்று கண்டு, தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

எழுத்து இருந்தும் அதை அடையும் வழி இல்லாமற் போவது மதுரைக்குப் புதிதன்று. மேலூர்ச் சாலையிலிருந்து சற்றே விலகி மாங்குளம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மலைக் குகையில் 2000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துக்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. 1882-இல் ராபர்ட் சீவெல் அவற்றைக் கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். கண்ணுக்குத் தெரிந்தன, ஆனால் படிக்க முடியவில்லை. 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இத்தகைய குகை எழுத்துக்களில் இருப்பது தமிழ் என்று எடுத்துக் காட்டினார். அதற்கும் பிறகு, 1960-களில், ஐராவதம் மகாதேவன் மாங்குளத்துக் கல்லில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைப் படித்தார். அத்தனை காலமும் அந்தப் பெயர் அங்கேதான் இருந்தது. ‘புரியவில்லை’ என்று எவரேனும் அந்தக் கல்லைச் செதுக்கித் தள்ளியிருந்தால்?

கல் தனியே நின்று காத்தது. ஓலைக்கு அந்த வலிமை இல்லை. கறையானும் ஈரமும் அதைத் தின்றுவிடும். ஆயினும் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன. எப்படி? ஓர் ஏடு நையும் முன்பே அதைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதினார்கள். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து பல படிகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டார். ஓர் ஏட்டில் சிதைந்த வரி மற்றோர் ஏட்டில் இருந்தது. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது ஏடுகளையும் நூல்களையும் திரட்டிப் பாண்டியன் புத்தகசாலை அமைத்ததும் இதே நோக்கத்தால்தான். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலிய அன்பர்கள், தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் பணியைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் மதுரைத் திட்டம். ஊதியம் இல்லாமல் தொண்டர்கள் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்த அந்நூல்களை எவரும் இறக்கிப் படி எடுத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு கணினியின் வன்தட்டு நின்றுபோனதால் அவை அழிந்துவிடப் போவதில்லை.

உங்கள் எழுத்துக்கும் அதே காவல் வேண்டும். கணினி அறிஞர்கள் இதற்கு எளிய விதி ஒன்று சொல்வார்கள். எதற்கும் மூன்று படிகள் இருக்கட்டும்; அவை இரண்டு வகையான சாதனங்களில் இருக்கட்டும்; அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் இருக்கட்டும். கணினியில் ஒன்று, தனியே ஒரு வெளித்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ ஒன்று. கணினியும் வெளித்தட்டும் ஒரே பையில் இருந்தால் அவை இரண்டு படிகள் அல்ல. பை தொலைந்தால் இரண்டும் தொலையும். படி எடுத்தோம் என்று நிறைவடைந்துவிடவும் வேண்டாம். திறக்கிறதா, கேட்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும்.

வன்தட்டுகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே குறித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. ஸ்மார்ட் என்பது அதன் பெயர். கெட்டுப்போன பகுதிகள் எத்தனை, அவற்றுக்கு மாற்றாக ஒதுக்கப்பட்டவை எத்தனை என்று அதில் பார்க்கலாம். அந்த எண் கூடிக்கொண்டே போனால் வன்தட்டு விடைபெறப் போகிறது என்று பொருள். அப்போது படி எடுக்க நாள் பார்க்க வேண்டியதில்லை.

உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்து என் பேச்சை முடிக்கிறேன். உங்கள் கணினியில் இருப்பனவற்றுள், கடையில் வாங்க முடியாதவை எவை, மறுபடியும் செய்ய முடியாதவை எவை என்று இன்றிரவு யோசித்துப் பாருங்கள். திரைப்படமும் பாடநூலும் மீண்டும் கிடைக்கும். பாட்டி சொன்ன கதையைப் பதிவு செய்திருப்பீர்கள். நீங்களே நாட்கணக்கில் ஊர் ஊராகச் சென்று எடுத்த குறிப்புகள் இருக்கும். காலமான ஒருவரின் குரல் இருக்கும். அவற்றை மட்டும் பொறுக்கினால் ஒரு சிறு பென் டிரைவில் அடங்கிவிடும். படுக்கப் போகுமுன் அவற்றுக்கு ஒரு படி எடுத்துவிடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது படியை வேறோர் இடத்தில் சேர்த்துவிடுங்கள். அதன்பிறகு என்றேனும் ஒரு காலையில் கறுத்த திரை தோன்றினாலும், பதற்றமில்லாமல் ஒவ்வொரு படியாகச் சோதித்துக்கொண்டு போகலாம்.